படலைக்கு உள்ளே ஓர் அலுவலகம்: வீட்டிலிருந்து வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பின்னேரம் இரண்டரை மணி. லண்டனில் காலை ஒன்பது. அன்றைய முதல் மீற்றிங்குக்காக லப்டொப்பைத் திறக்கிறேன். பள்ளிக்கூடத்தால் வந்த மகள் சப்பாத்தைக் கழற்றாமலே பக்கத்தில் நின்று, "அம்மா, பசிக்குது" என்கிறாள். படலை திறக்கும் சத்தம். சுன்னாகத்திலிருந்து சொந்தக்காரர் இருவர், கையில் கலியாணக் கார்ட். குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல்: "பிள்ளை, ஆரோ வந்திருக்கினம். சும்மாதானே இருக்கிறாய், ஒருக்கா எழும்பிப் பார்."

கொக்குவிலில் எங்கள் வீட்டில் முதல் ஆறேழு மாதம் அநேகமான நாட்கள் இப்படித்தான் போயின. நான் ஒரு லண்டன் நிறுவனத்துக்குக் கணக்கு வேலை செய்கிறேன். கணவருக்கு யாழ் நகரில் அலுவலகம். மகன் தரம் 5, மகள் தரம் 2, எங்களோடு மாமி. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது கொஞ்ச நாளைக்கு என்று தொடங்கிய இந்த வேலைமுறை, இப்போது எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று நான்கு வீடுகளுக்கு நிரந்தர உழைப்பு. கீழே எழுதுபவை எல்லாம் நாங்கள் செய்து பார்த்தவை. சில, செய்யத் தவறிப் பட்டுத் தெளிந்தவை.

தொடங்குமுன்: மாமியின் தையல் மெசின்

வீட்டிலிருந்து உழைப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதே இல்லை. சுருட்டுச் சுற்றினார்கள், பனையோலைப் பெட்டி இழைத்தார்கள், மாமர நிழலில் வாங்கு போட்டு ரியூசன் சொல்லிக்கொடுத்தார்கள். என் மாமி முப்பது வருடம் வீட்டில் இருந்தே சட்டை தைத்தவர். அவருடைய மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் அவரைக் கடைக்குப் போய்வரச் சொன்னதில்லை. மெசின் சத்தம் றோட்டு வரைக்கும் கேட்கும். பக்கத்தில் வெட்டின துணி குவிந்திருக்கும். பின்னேரம் ஆட்கள் வந்து, காசு கொடுத்து, சட்டையை வாங்கிக்கொண்டு போவார்கள். அது வேலை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

லப்டொப்பில் இந்த மூன்றும் இல்லை. சத்தம் இல்லை, குவியல் இல்லை, காசு கைமாறுவதை யாரும் காண்பதில்லை. ஒருத்தி கதிரையில் இருந்து வெளிச்சப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். மாமி "சும்மாதானே இருக்கிறாய்" என்று சொன்னதில் எந்தக் குத்தலும் கிடையாது. அவர் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார். இது எனக்கு விளங்கக் கிட்டத்தட்ட ஒரு வருடம் பிடித்தது. விளங்கிய பிறகு, வீட்டாரோடு கோபிப்பதை விட்டுவிட்டு, என் வேலையை அவர்கள் கண்ணுக்குத் தெரிய வைப்பது எப்படி என்று யோசிக்கத் தொடங்கினேன். கீழே வரும் படிகளில் பாதி அதைப் பற்றியது. மறுபாதி, அந்த வேலையை நேரத்துக்கு மூடி வைப்பது பற்றியது.

படி 1: ஒரு நாளைத் தாளில் வரையுங்கள்

கதிரை மேசை வாங்குவதற்கு முன்னமே இதைச் செய்யுங்கள். ஒரு ஏ4 தாளில் விடிய 4 மணியிலிருந்து இரவு 12 வரை கோடு போடுங்கள். இடப்பக்கம் வீட்டின் நேரங்கள்: தண்ணீர் மோட்டர் போடுவது, இடியப்பமோ புட்டோ அவிப்பது, பள்ளிக்கூட வான், மத்தியானச் சோறு, ரியூசனுக்கு ஏற்றி இறக்குவது, பெரியவர்களின் மருந்து, விளக்கு வைப்பது. வலப்பக்கம் வேலையின் நேரங்கள். இரண்டும் முட்டுகிற இடத்தில் சிவப்புப் பேனையால் வட்டம் போடுங்கள்.

நாள் முழுக்க இழுபறி என்றுதான் நான் நினைத்திருந்தேன். தாளில் வந்தவை மூன்றே மூன்று வட்டங்கள்: பிள்ளைகள் வந்து சாப்பிடும் இரண்டு மணி, ரியூசனுக்கு ஏற்றும் மூன்றேமுக்கால், இரவுச் சாப்பாட்டு நேரம். மூன்று இடத்தைச் சரி பண்ணலாம். நாள் முழுவதையும் சரி பண்ண யாராலும் முடியாது.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்பவர்கள் மணி வித்தியாசத்தை நன்றாகக் கணக்குப் பார்க்க வேண்டும். லண்டன் எங்களுக்குப் பின்னால் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம், கோடையில் நாலரை. ஆகவே அவர்களின் 9 முதல் 5.30 வரை, எங்களுக்குக் குளிர்காலத்தில் பின்னேரம் 2.30 முதல் இரவு 11, கோடையில் 1.30 முதல் இரவு 10. மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே மணி மாறும். ரொறன்ரோ கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. அவர்களின் பகல் முழுக்க எங்களுக்கு இரவு. சிட்னி எங்களுக்கு முன்னால்: அவர்களின் குளிர்காலத்தில் நாலரை, கோடையில் ஐந்தரை மணித்தியாலம். அங்கே 9 முதல் 5 என்றால் இங்கே ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் தொடக்கம் வரை விடிய 4.30 முதல் மத்தியானம் 12.30.

தெரிவு செய்ய வாய்ப்பு இருந்தால், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அவுஸ்திரேலிய நேரம்தான் நல்லது என்பது என் எண்ணம். கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்ப வேண்டும், உண்மைதான். ஆனால் பிள்ளைகள் படலையைத் திறக்கும்போது உங்கள் வேலை முடிந்திருக்கும். விடிய வேலை செய்பவர் வீட்டில், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துவது முழுக்க மற்றவர் பொறுப்பு என்பதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: வேலை கொடுப்பவரோடு முன்கூட்டியே பேசுங்கள்

வட்டம் போட்ட தாளோடு போய்ப் பேசினால் பேச்சு சுருக்கமாக முடியும். "எனக்குக் கொஞ்சம் நேரச் சலுகை வேணும்" என்று கேட்டால் அவர்களுக்கு எதைத் தருவது என்று தெரியாது. நான் கேட்டது இப்படி: எங்கள் நேரம் 3.30 வரைக்கும் மீற்றிங் வைக்க வேண்டாம். அந்த ஒரு மணித்தியாலத்தை நான் காலை 10 மணிக்கே வேலை செய்து ஈடுகட்டுகிறேன். 4 முதல் 7 வரை கூப்பிட்டவுடன் கிடைப்பேன். ஒரே மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டார்கள். எழுத்தில் வாங்கி வைத்திருங்கள். மனேஜர் மாறினாலும் அது நிற்கும்.

கொழும்பு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, சாப்பாட்டு இடைவேளை சேராமல். அதற்கு மேல் செய்தால் மேலதிக நேரச் சம்பளம் ஒன்றரை மடங்கு. வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்று இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் வேலை வந்தால், அதுவும் வேலை நேரம்தான்.

படி 3: இடம்

எங்கள் ஊர் வீடுகளில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது விறாந்தை. காற்று வரும், வெளிச்சம் இருக்கும். நானும் அங்கேதான் தொடங்கினேன். படலையைத் திறக்கிற ஒவ்வொருவருக்கும் முதலில் தெரிவது நீங்கள்தான். மீன்காரர், சீட்டுக் காசு வாங்க வருபவர், றோட்டால் போகும் அயலவர் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் மரியாதைக் குறைவு. விறாந்தை வேண்டாம். ஹோலும் வேண்டாம்; ரீவியும் வந்து போகிறவர்களும் அங்கேதான்.

கதவு உள்ள ஓர் அறை, எவ்வளவு சின்னது என்றாலும், அதுதான் வேண்டும். சீனாவில் சி-ட்ரிப் என்ற பயண நிறுவனத்தில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் வீட்டு வேலை பற்றி ஒரு பரிசோதனை செய்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வீட்டிலிருந்து செய்தவர்களின் வேலை 13 வீதம் கூடியது. இந்த எண்ணைப் பலர் சொல்வார்கள். ஆனால் அதில் சேர்வதற்கே தனி அறை வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்ததைச் சொல்பவர்கள் குறைவு. விறாந்தையில் இருந்துகொண்டு அந்த 13 வீதத்தை நீங்கள் உங்களிடம் எதிர்பார்த்தால், அது உங்களுக்கு நீங்களே செய்யும் அநியாயம்.

பழைய நாற்சார் வீடு, கல்வீடு என்றால் பின்பக்கம் நெல்லு, வெங்காயம் வைத்த ஒரு சாமான் அறை இருக்கும். ஓட்டுக் கூரை என்றால் நல்ல குளிர்மை. தகரமோ சீற்றோ போட்டது என்றால் ஏப்ரல், மே மாதப் பின்னேரங்களில் உள்ளே இருக்க முடியாது. மேற்குப் பார்த்த சுவரும் அப்படித்தான். அறையே இல்லை என்றால் படுக்கையறை மூலையில் அலுமாரியைக் குறுக்கே திருப்பி வைத்து, அதன் முதுகுக்குப் பின்னால் இருங்கள். முகம் சுவரைப் பார்க்கட்டும். பின்னால் யாராவது உடுப்பு மடிப்பது மீற்றிங்கில் தெரியக்கூடாது.

எனக்குக் கிடைத்தது சாமியறைக்குப் பக்கத்து அறை. மேசை, மாமியின் பழைய சிங்கர் மெசின்தான். மெசின் தலையை உள்ளே மடக்கிப் பலகையை மூடினால் லப்டொப்பும் ஒரு கொப்பியும் வைக்க அளவான இடம். கீழே இரும்பு மிதி. கால் வைத்துக்கொள்ள நல்ல வாகு. மேசையைத் தந்தபோது மாமி சொன்னது: "பின்னேரத்தில துணி போட்டு மூடு பிள்ளை. தூசு பிடிச்சா ஓடாது." மெசினை அவர் தினமும் மூடிய அதே பூப்போட்ட துணியையும் தந்தார். அந்தத் துணியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

லப்டொப்பை இரண்டு தடித்த புத்தகத்தின் மேல் உயர்த்தி வையுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். விசைப்பலகை தனியாக ஒன்று வாங்குங்கள். பிளாஸ்ரிக் கதிரையில் எட்டு மணித்தியாலம் இருக்காதீர்கள். முதுகுக்கான செலவைத் தள்ளிப் போட்டால் பிறகு கூடக் கொடுக்க வேண்டி வரும்.

படி 4: கரண்டும் இணையமும்

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இன்றைக்கு அந்த நிலை இல்லை. ஆனாலும் திருத்த வேலைக்காக ஒரு நாள் முழுக்க நிறுத்துவது உண்டு. எந்த ஊரில் எப்போது என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். எங்கள் ஊர்ப் பத்திரிகைகளிலும் வரும். தினமும் காலையில் அதைப் பார்ப்பதை யாராவது ஒருவர் பொறுப்பெடுக்கட்டும். எங்கள் வீட்டில் அது மாமி.

ரவுட்டருக்கு அதிகம் மின்சாரம் தேவையில்லை, 10 வாட் அளவுதான். அதற்கென்றே விற்கிற சின்ன யுபிஎஸ் ஒன்று போதும். வாங்கும்போது பெட்டியில் உள்ள மில்லி அம்பியர்-மணி எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் 3.7 வோல்ற் லிதியம் பற்றரி. 8,800 என்று போட்டிருந்தால் 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள்: கிட்டத்தட்ட 32.5 வாட்-மணி. அதாவது இரண்டரை, மூன்று மணித்தியாலம் ஓடும். கூடவே வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றில் டேற்றா போட்டு வைத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி முழங்கினால் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு பற்றரியில் வேலை செய்யுங்கள்.

படி 5: வீட்டாருக்கு வேலையைக் காட்டுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. இதை அவசரப்படாமல் செய்யுங்கள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணியோடு எல்லாரையும் இருத்தி, மாமியைப் பக்கத்தில் வைத்து, லப்டொப்பைத் திறந்து என் வேலையைக் காட்டினேன். "மாமி, இது லண்டனில ஒரு கடை. நேற்று எவ்வளவு வித்தது, எவ்வளவு செலவு எண்டு இவை அனுப்புவினம். நான் ரெண்டையும் ஒத்துப் பார்த்து எழுத வேணும். ஒரு இலக்கம் பிழைச்சா முழுக்கத் திரும்பச் செய்ய வேணும்." மாமி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கை அளவு எடுக்கேக்க ஆரும் கதை குடுத்தா பிழைக்கிற மாதிரி" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. அன்றிலிருந்து "சும்மா இருக்கிறாய்" என்ற சொல் வீட்டில் இல்லை.

சம்பளம் வந்த அன்று, அது எதற்குப் போகிறது என்பதையும் வீட்டில் சொல்லுங்கள். மகனின் ரியூசன் காசு, கிணற்று மோட்டர் திருத்திய செலவு, கோயில் உபயத்துக்கு வைத்தது. வங்கிக் கணக்குக்குப் போகும் காசு கண்ணுக்குத் தெரியாது, சொன்னால்தான் தெரியும்.

அதன் பிறகு அடையாளம் ஒன்றை வையுங்கள். எங்கள் அறைக் கதவுக் கைபிடியில் ஒரு சிவப்பு ரிப்பன். ரிப்பன் தொங்கினால் நான் ஆட்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன், தட்டக் கூடாது. இல்லாவிட்டால் தட்டலாம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் விளங்கும். நாள் முழுக்க ரிப்பனைத் தொங்க விட்டீர்களானால் ஒரு கிழமையில் யாரும் அதை மதிக்க மாட்டார்கள். என்னுடையது நாளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தொங்குவதில்லை.

ரிப்பன் இருந்தாலும் கதவைத் தட்டலாம் என்று மூன்று விஷயத்தை முடிவு செய்தோம்: இரத்தம், காய்ச்சல் அல்லது மயக்கம், செத்த வீட்டுச் செய்தி. பிள்ளைகளே இந்தப் பட்டியலை எழுதி ஒட்டினார்கள்.

வருகிற விருந்தினரை என்ன செய்வது? வரவேண்டாம் என்று சொல்லும் ஊர் அல்ல இது, சொல்லவும் கூடாது. வீட்டில் இருக்கிற பெரியவர் சொல்ல வேண்டிய வசனத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். மாமி இப்போது சொல்வது: "மருமகள் டியூட்டியில நிக்கிறா, நாலு மணிக்கு வருவா. இருந்து தேத்தண்ணி குடியுங்கோ." டியூட்டி என்ற சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது, ஆசுப்பத்திரித் தாதியிடம் யாரும் நடுவில் எழும்பி வரச் சொல்வதில்லையே. நான் நாலு மணிக்குக் கட்டாயம் வெளியே வந்து பத்து நிமிடமாவது அவர்களோடு இருப்பேன். அதைச் செய்யாவிட்டால் மாமியின் வாக்குப் பொய்யாகிவிடும்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் வட்ஸ்அப்பில் கூப்பிடுவார்கள். சனி, ஞாயிறில் இன்ன நேரம் பேசலாம் என்று நாங்களாகவே ஒரு குரல் செய்தி அனுப்பினோம். யாரும் கோபிக்கவில்லை.

படி 6: வீட்டு வேலைகளை எழுதிப் பிரியுங்கள்

வீட்டிலிருந்து வேலை செய்பவர் பெண் என்றால், இன்னொரு பொறி இருக்கிறது. "நீ வீட்டிலதானே, உலை வைச்சு விடு", "உடுப்பை எடுத்து விடு", "காஸ் வந்தா வாங்கி வை." ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். கூட்டிப் பார்த்தால் இரண்டு மணித்தியாலம், அந்த இரண்டு மணித்தியாலத்தை நான் இரவு பதினொன்றுக்குப் பிறகு கொடுத்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு இது தெரியவே இல்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியில் யார் என்ன செய்தார் என்று எல்லாரும் எழுதினோம். செய்த வேலையோடு, நினைவு வைத்திருந்த வேலையும் எழுத வேண்டும்: மாமியின் கிளினிக் திகதி, மகனின் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள், அந்தியேட்டிக்குப் போக வேண்டிய வீடு, பால்மா முடிகிறது என்பது. கிழமை முடிவில் கணவர் கொப்பியை வாசித்துவிட்டு நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பேனையை எடுத்துத் தன் பெயரை எட்டு இடத்தில் எழுதினார்.

இப்போது காலைச் சாப்பாடும் பள்ளிக்கூட வெளிக்கிடலும் அவர். நாலேகாலுக்கு அலுவலகம் விட்டதும் ரியூசனிலிருந்து மகனை ஏற்றுவதும் அவர். மத்தியானச் சமையல் நான், பத்து மணிக்கு முன்னம். தேங்காய்ப்பூவைக் கிழமைக்கு இரண்டு தடவை மொத்தமாகத் திருவிக் குளிரூட்டியில் வைக்கிறோம். அது மட்டுமே தினமும் கால் மணித்தியாலம் மிச்சம். இரவுக்குப் புட்டும் பழைய கறியும் என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை என்று ஓர் ஒப்பந்தம். வெள்ளிக்கிழமை வீடு கழுவுவதை வியாழன் பின்னேரத்துக்கு மாற்றக் கேட்டேன். மாமி சம்மதிக்கவில்லை. சரி, அது வெள்ளியாகவே இருக்கிறது, நான் அன்று ஒரு மணித்தியாலம் பிந்தி வேலை தொடங்குகிறேன். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை.

படி 7: பிள்ளைகளின் இரண்டு மணி

போன வருடம் மகளின் முன்பல் விழுந்தது. நான் மீற்றிங்கில். கதவில் ரிப்பன். அவள் தட்டவில்லை, பட்டியலில் பல் இல்லையே. அப்பம்மாவோடு போய்க் கூரையில் எறிந்துவிட்டு வந்திருக்கிறாள். மூன்றாம் நாள் இரவு தலை இழுத்துவிடும்போது அவள் சிரித்தாள். வாயில் இருந்த இடைவெளியை அப்போதுதான் கண்டேன். "எப்ப விழுந்தது?" என்று கேட்டேன். "நீங்கள் வேலையில இருக்கேக்க" என்றாள், சாதாரணமாக. அவள் குரலில் ஒரு குறையும் இல்லை. என்னை வருத்தியது அந்தக் குறையில்லாத குரல்தான்.

அதற்குப் பிறகுதான் 3.30 வரை மீற்றிங் இல்லாத அந்த ஒழுங்கை வேலையில் கேட்டு வாங்கினேன். இரண்டு மணிக்குப் பிள்ளைகளோடு நானும் சோறு சாப்பிடுகிறேன். போன் அறைக்குள் இருக்கும். "இண்டைக்கு என்ன படிச்சீங்கள்" என்று கேட்பதில்லை. "இண்டைக்கு ஆரோட இருந்தீங்கள்" என்று கேட்டால் கதை தானாக வருகிறது. கொப்பிகளை அப்போது பார்ப்பதில்லை. கதைக்கும் நேரத்தில் கொப்பியைத் திறந்தால் அந்த நேரமும் ரியூசனாகிவிடும்.

சின்னப் பிள்ளைக்கு "ஒரு மணித்தியாலம் பொறு" என்பது அர்த்தமில்லாத சொல். கடதாசியில் மணிக்கூடு வரைந்து, பெரிய முள் எங்கே வந்தால் அம்மா வருவேன் என்று காட்டுங்கள். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். ஐந்து நிமிடம் பிந்தினால் கதவைத் திறந்து, "இன்னும் அஞ்சு நிமிசம், சொறி" என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு வயது, இரண்டு வயதுப் பிள்ளை என்றால் இவை ஒன்றும் எடுபடாது. வேலை நேரம் முழுக்கப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அம்மம்மாவோ அப்பம்மாவோ என்றாலும் அவருக்கும் ஓய்வு நாள் வேண்டும். எங்கள் மாமிக்குச் செவ்வாய் பின்னேரம் முழுக்க விடுதலை.

படி 8: கலியாணம், செத்த வீடு, திருவிழா

ஜனவரியில் புதுக் கலண்டர் தொங்கவிட்டவுடன் போயா நாட்கள், தைப்பொங்கல், சிவராத்திரி, தீபாவளி எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக அனுப்பி, எவை உங்களுக்கு விடுமுறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு எங்கள் நாட்காட்டி தெரியாது.

நல்லூர் தனிக்கணக்கு. ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் கொடியேறினால் 25 நாள். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் மறிக்கப்படும், வெளிநாட்டு விருந்தினர் வருவார்கள், வீட்டில் முழுக்க மரக்கறிச் சமையல். 24ஆம் நாள் தேருக்கும் 25ஆம் நாள் தீர்த்தத்துக்கும் லீவு எடுங்கள். மற்ற நாட்களில் விடியப் பூசைக்குப் போய்வந்து வேலையைத் தொடங்கலாம். உங்கள் ஊர்க் கோயிலின் திருவிழாவில் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் கட்டுவார்கள் என்று முன்னமே தெரியும். அந்தப் பத்து நாளும் மைக் உள்ள ஹெட்செற் போட்டுக்கொள்ளுங்கள், பேசாத நேரம் மைக்கை நிறுத்தி வையுங்கள்.

செத்த வீடு என்றால் கணக்குப் பார்க்காதீர்கள். எழும்பிப் போங்கள். நான் ஒரு செய்தியை முன்னமே எழுதி வைத்திருக்கிறேன்: உறவினர் ஒருவர் காலமானார், நாளை வரை இருக்க மாட்டேன், அவசர வேலை இன்னாரிடம். இரண்டு தடவை அனுப்பியிருக்கிறேன். இரண்டு தடவையும் ஆறுதல் சொல்லித்தான் பதில் வந்தது.

படி 9: துணியைப் போட்டு மூடுங்கள்

அலுவலகம் போகிறவருக்கு, அங்கிருந்து வீடு வரும் வழியே வேலையை முடித்துவைக்கிறது. கொக்குவில் சந்தி தாண்டும்போதே கணவரின் மனம் வீட்டுக்கு வந்துவிடும். எனக்கு அறைக்கும் குசினிக்கும் நடுவில் பன்னிரண்டு அடி.

இரவு வேலை முடிந்ததும் நாளைக்குச் செய்ய வேண்டிய மூன்றைக் கொப்பியில் எழுதுகிறேன். லப்டொப்பை மூடி, மாமியின் பூப்போட்ட துணியை மேலே விரிக்கிறேன். கதவைச் சாத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுகிறேன். மொத்தம் ஏழு நிமிடம். துணி போட்ட பிறகு அதை எடுப்பதில்லை என்று முடிவு. ஒரு தடவை, ஒரேயொரு மின்னஞ்சலுக்காக எடுக்கப் போனேன். ஹோலில் செபமாலை உருட்டுவது போல உருத்திராக்கம் உருட்டிக்கொண்டிருந்த மாமி, "மூடினதைத் திறந்தா நூல் சிக்கும்" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

வேலைக்கு வேறு இலக்கத்தில் வட்ஸ்அப் வைத்துக்கொள்ளுங்கள், இரவில் அதை மட்டும் நிறுத்தலாம். கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 வரை செய்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 வீதம் கூட என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் அமைப்பும் சேர்ந்து 2021இல் அறிவித்தன. வீட்டில் இருந்து செய்யும்போது 55ஐத் தாண்டுவது தெரியவே தெரியாது. தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதி வையுங்கள்.

ரொறன்ரோ நேரத்துக்கு இரவு முழுக்க வேலை செய்பவர் வீட்டில், விடிய நாலு முதல் பதினொன்று வரை அவருடைய நித்திரையை எல்லாரும் காவல் காக்க வேண்டும். குசினிக்கும் கிணற்றடிக்கும் தூரமான அறையை அவருக்குக் கொடுங்கள். யன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள்.

அப்புறம் தனிமை. முன்னர் சொன்ன சீனப் பரிசோதனையில், முடிவில் எங்கே வேலை செய்ய விருப்பம் என்று கேட்டபோது, வீட்டிலிருந்து செய்தவர்களில் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். முக்கிய காரணம் தனிமை. எங்களுக்கு வீடு நிறைய ஆட்கள் இருந்தாலும், வேலையைப் பற்றிப் பேச ஆள் இல்லை என்ற தனிமை உண்டு. கிழமைக்கு ஒரு காலை, எங்கள் ஒழுங்கையில் இதே மாதிரி வேலை செய்யும் இரண்டு பெண்களும் நானும் ஒருவர் வீட்டில் சேர்ந்து இருந்து செய்கிறோம். பேச்சு குறைவுதான். ஆனால் பத்தரைக்குக் குடிக்கும் அந்தத் தேத்தண்ணி தனி ருசி.

எந்த ஒழுங்கில் தொடங்குவது

எல்லாவற்றையும் ஒரே கிழமையில் செய்ய நினைக்காதீர்கள். முதல் ஞாயிறு தாளும் சிவப்பு வட்டமும். அடுத்த கிழமை இடத்தை மாற்றி, வீட்டாரை இருத்திப் பேசுங்கள். மூன்றாவது கிழமை கொப்பி. வேலை கொடுப்பவரிடம் கேட்பதை இங்கே இரண்டாம் படியாக எழுதியிருந்தாலும், கொப்பி முடிந்த பிறகு வையுங்கள், அப்போதுதான் என்ன கேட்பது என்று தெரியும்.

தாளை வருடத்துக்கு இரண்டு தடவை திருப்பி எழுத வேண்டும். இந்த ஒக்டோபரில் லண்டன் மணி மாறுவதற்கு முந்தின ஞாயிறு நாங்கள் குசினி மேசையில் இருந்தபோது மகன் கோடு போட்டான், மகள் வட்டம் போட்டாள். மாமி எதற்கும் இருக்கட்டும் என்று கதவில் ஒட்டியிருந்த பட்டியலைக் கழற்றிக்கொண்டு வந்தார். இரத்தம், காய்ச்சல், செத்த வீடு என்பதற்குக் கீழே, மகளின் கோணல் எழுத்தில் நாலாவதாகப் 'பல்' என்று எழுதியாயிற்று. அவளுக்கு இன்னும் பதினாறு பால்பல் இருக்கின்றன.